வெள்ளிக்கிழமை பூரிம்: எப்படிச் சமாளிக்கிறீர்கள்?

இஸ்ரேலில், ஹைஃபாவில் இருக்கிறோம். வேஷம் போட்டு, விருந்து வைத்துக் கொண்டாடும் யூதப் பண்டிகையான பூரிம் இந்த ஆண்டு (2025) மார்ச் 14, வெள்ளி. வியாழன் இரவும் வெள்ளி காலையும் எஸ்தர் சுருள் (பூரிம் கதையைச் சொல்லும் வேதநூல்) வாசிப்பு, தெரிந்தவர்களுக்குத் தின்பண்டத் தட்டு, குறைந்தது இரண்டு ஏழைகளுக்குக் காசு, அப்புறம் விருந்து. அன்று மாலையே சப்பாத் (யூதர்களின் வார ஓய்வு நாள்) தொடங்கிவிடும் என்பதால் விருந்தை நண்பகலுக்கு முன்பே தொடங்க வேண்டுமாம். ஜெருசலேம்காரர்களுக்குப் பூரிம் ஒரு நாள் கழித்து, சப்பாத்தில் விழுவதால் விருந்து ஞாயிறுதான், கொடுத்துவைத்தவர்கள்!

2021-லும் வெள்ளிதான், கொரோனாவால் விருந்தாளிகள் இல்லை, தப்பித்தேன். இப்போது பதினான்கு பேர். சூரியன் மறைந்தபின் அடுப்பு மூட்ட முடியாது. பூரிம் பலகாரத்துக்கான கசகசா பூரணமே இன்னும் கிண்டவில்லை, சின்னவனின் சிங்க வேஷத்துக்கு வாலும் தைக்கவில்லை.

சப்பாத் சமையலை வியாழனே முடித்துவிடலாமா? விருந்தாளிகளை இரண்டு மணிக்குள் மனம் நோகாமல் கிளப்புவது எப்படி? செய்து பார்த்தவர்கள் சொல்லுங்கள்.