வெடிச் சத்தத்துக்குக் குதிரையைப் பழக்க, கட்டிவைத்துச் சுடலாமா?

கடிவாளம்: 'கௌபாய் மவுண்டட் ஷூட்டிங்' என்று 1990களில் அமெரிக்காவில் தொடங்கிய போட்டி. குதிரையில் விரைந்தபடியே இரண்டு ரிவால்வரால் பத்து பலூன்களைச் சுட வேண்டும். குண்டு கிடையாது, கருமருந்துப் பொறி பட்டே பலூன் வெடிக்கும். இதற்கு என் ஆறு வயதுப் பெண் குதிரையைப் பழக்குகிறேன். "கம்பத்தில் கட்டு, திமிறல் அடங்கும் வரை சுட்டுக்கொண்டே இரு, ஒரே நாளில் சரியாகிவிடும்" என்கிறார் பழக்குபவர். செய்யலாமா?

சவுக்கு: தாராளமாக. நான் மூன்று குதிரைகளை அப்படித்தான் பழக்கினேன். கொஞ்சிக்கொண்டிருந்தால் வருடம் ஓடிவிடும்.

பிடரி: அசையாமல் நிற்பதும் பயமில்லாமல் நிற்பதும் ஒன்றா, சவுக்கு? ஓட வழியில்லை என்று தெரிந்தால் எந்தக் குதிரையும் ஒடுங்கி நிற்கும். கழுத்து விறைத்திருக்கும், வால் கால்களுக்கிடையே ஒட்டியிருக்கும், கண்ணில் வெள்ளை தெரியும். கயிறு இல்லாத இடத்தில் அந்தப் பயம் வெளியே வரும், அப்போது மேலே நீங்கள் இருப்பீர்கள்.

கடிவாளம், நண்பர் ஒருவரைத் தொலைவில் பொட்டுவெடித் துப்பாக்கியோடு நிறுத்துங்கள். அவர் வெடித்துக்கொண்டே விலகி நடக்கட்டும், குதிரை பின்னால் போகட்டும். தன்னைக் கண்டு ஓடுகிற சத்தத்துக்குக் குதிரை அவ்வளவாக மிரளாது. அப்புறம் கால் பங்கு கருமருந்து, அரை, முழுசு. தலையைத் தாழ்த்தி வாயை மென்றால்தான் அடுத்த படி.

சவுக்கு: காதில் பஞ்சு அடைத்தால் முடிந்தது. இதற்கு இத்தனை நாடகமா?

பிடரி: பஞ்சு வேண்டாம் என்று யார் சொன்னது? நமக்கு 20,000 ஹெர்ட்ஸோடு கேட்பது நின்றுவிடும், குதிரைக்கு 33,000 வரை கேட்கும். கட்டாயம் அடைக்கத்தான் வேண்டும். ஆனால் புகையையும் நெருப்பையும் பஞ்சு மறைக்குமா? ஆரம்பத்தில் நான் என் குதிரையின் இரு காதுகளுக்கு நடுவே நீட்டிச் சுட்டுவிட்டேன். பஞ்சு இருந்தும், அதற்குப் பிறகு பல வாரம் நான் கையைத் தூக்கினாலே தலையை வெட்டி இழுக்கும். பக்கவாட்டில், காதை விட்டு விலக்கித்தான் சுட வேண்டும்.

கடிவாளம்: நேற்று பொட்டுவெடியோடு ஆரம்பித்தோம். முதல் வெடிக்கு நாலடி துள்ளினாள். ஐந்தாவதுக்கு ஒரு காது மட்டும் திரும்பியது, வாய் புல்லை விடவில்லை. அதோடு நிறுத்திக்கொண்டேன்.

சவுக்கு: புல் இல்லாத இடத்தில் சுட்டுப் பாருங்கள், பேசுவோம்.

பிடரி: பார்க்கட்டும். ஆனால் இந்த வாரம் வேண்டாம்.