மூன்றடியில் கோய் குளமா?

குடமுருட்டி:
வெண்ணாற்றங்கரை என்ற நண்பர் நேற்று இங்கே ஒரு பதிவு போட்டிருக்கிறார். கொல்லைப்புறத்தில் 10 அடி நீளம், 6 அடி அகலத்தில் கோய் என்கிற வண்ண அலங்கார மீனுக்குக் குளம், மொத்தச் செலவு 14,000 ரூபாய், "மூன்றடி தோண்டினால் போதும்" என்று. படித்ததிலிருந்து எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. கோய் இரண்டடி வரை வளரக்கூடிய மீன். அதை மூன்றடியில் விடுவது அண்டாவில் யானையைக் குளிப்பாட்டுகிற வேலை. சித்திரை வெயிலில் மூன்றடித் தண்ணீர் வெந்நீர்தான். தண்ணீர் சூடாக ஆக அதில் ஆக்சிஜன் தங்காது. 20 டிகிரியில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். நாலரை அடி தண்ணீர் நிற்க வேண்டும். நாலரை. 11 வருஷம் மீன் வளர்த்தவன் சொல்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, பதிவை முழுசாகப் படித்தீர்களா? தோண்டியது மூன்றடி. அதற்கு மேல் சுற்றிலும் ஒன்றரை அடிக்குச் செங்கல் கட்டு. அதையும் எழுதியிருந்தேன். எங்கள் நீடாமங்கலம் பக்கம் இன்னும் கீழே போனால் ஐப்பசியில் ஊற்று வந்துவிடும். முதல் தடவை ஐந்தடி தோண்டினேன். மழைக்காலத்தில் கழுவலாம் என்று குளத்தைக் காலி செய்தபோது, அடியிலிருந்து தண்ணீர் தள்ளி, குளத்துக்குள் விரித்த பிளாஸ்டிக் ஷீட் பூரி மாதிரி உப்பி நின்றது. பட்டுத்தான் இந்த முறை மூன்றடி.

குடமுருட்டி:
மூன்றடி என்று அவரே ஒப்புக்கொண்டுவிட்டார். நன்றி. செங்கல் அலங்காரத்துக்கு. மீன் செங்கல்லில் நீந்தாது.

அரசலாறு:
ஒரு சின்ன சந்தேகம். ஆழம் என்று நீங்கள் இருவரும் எங்கிருந்து அளக்கிறீர்கள்? தரையிலிருந்தா, தண்ணீர் மட்டத்திலிருந்தா?

நண்டுவளை:
அதெல்லாம் இருக்கட்டும், ஷீட்டே எதற்கு? நம் ஊர்க் களிமண்ணில் மாடு மிதித்த பள்ளத்தில்கூட மாசக்கணக்கில் தண்ணீர் நிற்கும். திருவாரூரில் கோயில் ஐந்து வேலி, குளம் ஐந்து வேலி என்பார்கள். அவ்வளவு பெரிய குளத்துக்கு எந்தக் கடையில் ஷீட் வாங்கினார்களாம்?

மதிலழகி:
நண்டுவளை தம்பி, கோய் என்பது கெண்டை ஜாதி. சேற்றைக் கிளறித்தான் தின்னும். மண் குளத்தில் விட்டால் பத்தே நாளில் தண்ணீர் டீ நிறம். மேலே நின்று நிறம் பார்க்கத்தான் அந்த மீனையே வளர்க்கிறோம். டீக்குள் எதைப் பார்ப்பது?

நண்டுவளை:
அக்கா, ஜப்பானில் நீகாட்டா பக்கம் கோய் வளர்ப்பவர்களே கோடையில் மண் குளத்தில்தான் விடுகிறார்கள். நிறம் அங்கேதான் ஏறுமாம். நமக்கு மட்டும் பிளாஸ்டிக்கா?

குடமுருட்டி:
நீகாட்டா என்றதும் ஞாபகம் வந்தது. அங்கே கோய் குளத்தை மூன்றடியிலா வெட்டுகிறார்கள்? ஆறடி வெட்டுகிற இடமும் உண்டு. நான் நாலரைதான் கேட்கிறேன்.

வெண்ணாற்றங்கரை:
ஐயா, குளிர் நாட்டில் குளிருக்காகவும் ஆழம் வைப்பார்கள், மேலே உறைந்தாலும் மீன் அடியில் கிடக்கும் என்று. நீகாட்டாவில் பனி வரும்போது மீனை அள்ளி வீட்டுக்குள் இருக்கிற தொட்டிக்கே கொண்டுபோய்விடுகிறார்கள். நீடாமங்கலத்தில் எந்த வருஷம் குளம் உறைந்தது? நமக்குப் பிரச்சினை வெயில். அதற்குப் பச்சை வலை கட்டியிருக்கிறேன், பாதி வெயில் நின்றுவிடும். மேற்குப் பக்கம் கீற்றுத் தட்டியும் உண்டு. ராத்திரி பூரா ஏர் பம்ப் ஓடுகிறது.

குடமுருட்டி:
கீற்று, வலை, பம்ப். மூன்றடிக்கு எத்தனை முட்டு! நாலரை இருந்தால் இதில் பாதி வேண்டாம்.

இன்னொன்று. உங்கள் செலவுக் கணக்கில் ஷீட் 21-க்கு 17 அடி என்று இருக்கிறது. குளத்தின் நீளத்தோடு ஆழத்தை இரண்டு தடவை கூட்டி, ஓரத்துக்கு ஓர் அடி ஓர் அடி சேர்த்தால் ஷீட் அளவு. 10-ம் 6-ம் 2-ம், 18 அடி. அகலத்துக்கு 14. ஆக 252 சதுர அடி போதும். நீங்கள் 357 சதுர அடி வாங்கியிருக்கிறீர்கள். மீதி 105 சதுர அடி எங்கே? கணக்கிலேயே ஓட்டை இருக்கிறவர் குளத்தைப் பற்றிப் பேசுகிறார்.

அரசலாறு:
ஐயா, அந்த 21-க்கு 17 என்பதை நாலரை அடிக்குப் போட்டுப் பாருங்களேன்.

குடமுருட்டி:
தம்பி, எனக்குக் கணக்குச் சொல்லித்தர வேண்டாம். ஏரி, வாய்க்கால் எல்லாம் டேப் பிடித்து அளந்தவன் நான்.

மதிலழகி:
எல்லோரும் ஆழத்தையே பிடித்துத் தொங்குகிறீர்கள். ஃபில்டரைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. பட்ஜெட் குளம் நாசமாவது அங்கேதான். 200 லிட்டர் நீல டிரம் பழசு ஒன்று, அடியில் சின்னச் சல்லிக் கல், மேலே பழைய பிளாஸ்டிக் வலை, ஸ்பாஞ்ச். இதுவே போதும். ஆனால் மீன் கழிவிலிருந்து வருகிற அம்மோனியாவைத் தின்னும் பாக்டீரியா அதில் குடியேற நாலு முதல் ஆறு வாரம் ஆகும். வெண்ணாற்றங்கரை தம்பி முதல் நாளே 25 மீன் விட்டதாக எழுதியிருக்கிறார். வளர்ந்த கோய் ஒன்றுக்கு 1,000 லிட்டராவது வேண்டும். மூன்றடிக் கணக்கில் அந்தக் குளம் கொள்வது சுமார் 5,100 லிட்டர். ஐந்து மீன்! இதைக் கேளுங்கள் அவரிடம்.

அப்புறம், சிமெண்ட் பூசுகிறவர்கள் வாழைத்தண்டை வெட்டிப் போட்டு ஊறவைத்து, நாலைந்து தடவை தண்ணீர் மாற்றாமல் மீன் விடாதீர்கள். சுண்ணாம்புக் காரம் மீனைக் கொன்றுவிடும். என் முதல் தொட்டியில் ஒரே ராத்திரியில் எட்டு மீன் போயிற்று.

குடமுருட்டி:
பார்த்தீர்களா, மதிலழகி அம்மாவே சொல்லிவிட்டார், மூன்றடி என்று.

மதிலழகி:
நான் எங்கே சொன்னேன்?

நண்டுவளை:
மூன்றடியோ நாலரையோ, மடையானுக்குத் தெரிந்தால் எல்லாம் காலி.

குடமுருட்டி:
யாரைச் சொல்கிறீர்? மரியாதையாகப் பேசவும்.

நண்டுவளை:
மடையான் ஐயா! கொக்கு! வாய்க்கால் மடையில் நிற்குமே அது. தன்னைச் சொன்னதாக நினைத்துக்கொண்டால் நான் பொறுப்பில்லை.

வெண்ணாற்றங்கரை:
மடையான் தண்ணீரில் நின்றுதான் பிடிக்கும். ஓரம் செங்குத்தாக இருந்தால் அதற்குக் கால் வைக்க இடமில்லை. மீன்கொத்திக்குத்தான் மேலே வலை. தண்ணீர்ப் பாம்புக்கு இன்னும் வழி தெரியவில்லை, இரண்டு மீன் போய்விட்டது. 25 விட்டது தப்புதான் அக்கா, எல்லாம் விரல் நீளக் குஞ்சு என்பதால் விட்டேன். பெரிசானால் கொடுத்துவிடுவேன்.

நண்டுவளை:
கொடுப்பது எதற்கு? கெண்டைதானே. புளி கரைத்து ஒரு குழம்பு.

மதிலழகி:
கோயைக் குழம்பு வைக்கிறவனோடு எனக்குப் பேச்சில்லை.

நண்டுவளை:
கும்பகோணத்துக்காரர்கள் வெற்றிலைக்குப் பெயர் வாங்கினார்கள், நாங்கள் குழம்புக்கு வாங்குகிறோம். மன்னார்குடிக்கு மதில் மட்டும்தானே அக்கா?

மதிலழகி:
மதிலுக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று வந்து பார்த்துவிட்டுப் பேசு.

குடமுருட்டி:
விஷயத்தைத் திசைதிருப்ப வேண்டாம். போன வருஷம் மாட்டுத் தீவனத்துக்காகத் தண்ணீரில் வளர்க்கிற அசோலா தொட்டி விவகாரத்திலும் வெண்ணாற்றங்கரை இப்படித்தான். வெயிலில் வைக்காதீர் என்றேன். கேட்கவில்லை. அன்றைக்கும் குறைவான ஆழம், இன்றைக்கும் குறைவான ஆழம். ஆளுக்கு ஒரு குணம்.

வெண்ணாற்றங்கரை:
அசோலா நன்றாகவே வளர்ந்தது. மாடு தின்றது. படமும் போட்டேன். நீங்கள்தான் அது வேறு யார் வீட்டு மாடோ என்று எழுதினீர்கள்.

குடமுருட்டி:
மாட்டின் கொம்பு முதல் படத்தில் ஒரு மாதிரி இருந்தது, இரண்டாவது படத்தில் வேறு மாதிரி. இப்போதும் சொல்கிறேன்.

அரசலாறு:
மூன்றும் ஒன்றரையும் நாலரை. கடைசியாக ஒரு தடவை எழுதிவைக்கிறேன்.

குடமுருட்டி:
அந்தப் படங்களைத் தேடிக்கொண்டிருக்கிறேன். கிடைத்ததும் போடுகிறேன். மூன்றடி பற்றியும் நாளைக்குத் தனியாக எழுதுகிறேன், கரண்ட் இருந்தால்.

நண்டுவளை:
மதிலழகி அக்கா, கோபம் இல்லையென்றால் ஒன்று: அந்த நீல டிரம் பழசு என்ன விலை வரும்?