வாக்குத்தத்த அட்டை வசனத்தை அதன் முழு அதிகாரத்தோடு சேர்த்து வாசிக்க

பாளையங்கோட்டை வாசகர்:

டிசம்பர் 31 ராத்திரி ஆராதனை முடிந்ததும், புது வருஷத்துக்கென்று ஆளுக்கு ஒரு பைபிள் வசனமாக எடுக்கிற வாக்குத்தத்த அட்டைகளில் எரேமியா 29:11 அடிக்கடி வரும். "அவைகள் தீமைக்கல்ல, சமாதானத்துக்கு ஏதுவான நினைவுகளே." வேலை கிடைக்கும், வீடு அமையும் என்று அர்த்தம் பண்ணிக்கொண்டு பைபிளுக்குள் செருகிவிடுகிறோம். ஒரு வசனம் மேலே பாருங்கள். பாபிலோனில் எழுபது வருஷம் நிறைவேறின பின்புதான் என்கிறது பத்தாம் வசனம். மனுஷனுடைய ஆயுசுக்கு சங்கீதம் 90:10 சொல்லும் கணக்கும் எழுபதுதான். இந்த அதிகாரம் பாபிலோனுக்குச் சிறைப்பட்டுப் போனவர்களுக்கு எரேமியா எழுதின கடிதம். கி.மு. 597-இல் அப்படிப் போய், இதைக் கேட்ட பெரியவர்கள் எருசலேமுக்குத் திரும்பப்போவதில்லை. அவர்களுக்குத்தான் 5, 6 வசனங்கள்: வீடு கட்டுங்கள், தோட்டம் போடுங்கள், பிள்ளைகளுக்குக் கலியாணம் பண்ணுங்கள்.

முந்தின அதிகாரத்தையும் விடாதீர்கள். இரண்டே வருஷத்தில் எல்லாம் திரும்பிவரும் என்று அனனியா என்ற கள்ளத் தீர்க்கதரிசி ஆலயத்தில் நின்று சொன்னான் (28:3). அது ஐந்தாம் மாதம். ஏழாம் மாதம் அவனே செத்துப்போனான் (28:17). இன்றைக்கும் சபைகளில் அனனியாவின் செய்திக்குத்தான் கூட்டம் அதிகம் என்பது என் அபிப்பிராயம்.

அதனால் எந்த வசனம் வந்தாலும் முந்தின அதிகாரம், அந்த அதிகாரம், அடுத்த அதிகாரம் மூன்றையும் ஜனவரி 1 அன்றே வாசித்துவிடுங்கள். யாருக்குச் சொன்னது, எந்தச் சூழ்நிலையில், கூடவே என்ன கட்டளை என்று அட்டையின் பின்பக்கம் பென்சிலால் மூன்று வரி எழுதி வைத்தால், வருஷம் முழுக்க வசனத்தைத் திரித்துப் பேச வராது.

நாகர்கோவில் வாசகர்:

அண்ணன் சொன்னது சரி. அதோடு ஒரே வருஷத்தில் பைபிள் முழுவதையும் வாசிப்பதைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். மொத்தம் 1,189 அதிகாரம். வாரநாளில் 3, ஞாயிறு 5 என்றால் வாரத்துக்கு 23. 52 வாரத்தில் முடிந்துவிடும். ஆதியாகமம் 50, யாத்திராகமம் 40 தாண்டி ஜனவரி கடைசியில் லேவியராகமம் வரும். பெரும்பாலானவர்கள் நிறுத்துவது இங்கேதான். யாத்திராகமம் 25 முதல் 31 வரை ஆசரிப்புக் கூடாரத்தின் அளவுகளை வாசித்துவிட்டு, 35-க்குமேல் அதையே மறுபடி வாசிக்கும்போதே சலிப்பு தொடங்கிவிடுகிறது. அந்த நேரம் பார்த்து மூன்று நாள் விட்டுப்போகும். விட்ட ஒன்பதையும் ஒரே ராத்திரியில் பிடிக்கப் பார்ப்பார்கள். மறுநாள் பைபிளே திறக்காது.

விட்டதற்குப் பென்சிலில் ஒரு புள்ளி வைத்துவிட்டு அன்றைய தேதிக்குரிய பங்கை வாசியுங்கள். புள்ளி வைத்ததை விடுமுறை நாளில் பார்த்துக்கொள்ளலாம். லேவியராகமம் 1 முதல் 7 வரை ஐந்து பலிகள். அந்தப் பலிகளின் அர்த்தத்தைச் சொல்லும் எபிரெயர் 9, 10 கூடவே வாசித்தால் இடித்துக்கொண்டு நிற்காது.

மதுரை வாசகர்:

நேர்வரிசை சலிக்கிறவர்களுக்கு ராபர்ட் மரே மெக்செயின் அட்டவணை உதவும். ஸ்காட்லாந்தின் டண்டீ நகரில் போதகராக இருந்தவர். ஜனவரி 1-க்கு ஆதியாகமம் 1, மத்தேயு 1, எஸ்றா 1, அப்போஸ்தலர் 1 என்று நான்கு இடத்தில் ஆரம்பிக்கும். முதல் இரண்டு குடும்ப ஜெபத்துக்கு, மற்ற இரண்டு தனி ஜெபத்துக்கு. வருஷத்தில் பழைய ஏற்பாடு ஒருதரம், புதிய ஏற்பாடும் சங்கீதமும் இரண்டுதரம் முடியும். அவர் இதைச் சபைக்குக் கொடுத்தது 1842 கடைசியில். 1843 மார்ச் 25 அன்று காய்ச்சலில் மரித்தார், வயது 29. தாம் போட்ட அட்டவணையில் மூன்று மாதம்கூட அவர் வாசித்து முடிக்கவில்லை.

புதிதாகத் தொடங்குகிறவர்கள் நான்கையும் எடுக்க வேண்டாம். முதல் வருஷம் குடும்பப் பங்கு இரண்டும், மறுவருஷம் மற்ற இரண்டும் போதும்.

தூத்துக்குடி வாசகர்:

துக்க வீட்டு ஜெபத்தில் சங்கீதம் 90 வாசிக்கிறவர்களுக்கு ஒன்று. "எங்கள் நாட்களை எண்ணும் அறிவை" என்ற 12-ஆம் வசனத்தை மட்டும் வாசித்துவிட்டு உட்காராதீர்கள் ஐயா. மொத்தமே 17 வசனம்; நிதானமாக வாசித்தாலும் மூன்று நிமிஷம்தான். 11 வரை ஒருவர், 12 முதல் இன்னொருவர் வாசிக்கட்டும். இது மோசேயின் ஜெபம்; 12-இல்தான் அவர் தேவனிடம் கேட்க ஆரம்பிக்கிறார். 14-ஆம் வசனத்தில் காலையிலே கிருபையால் திருப்தியாக்கும் என்று வரும். அழுதுகொண்டு இருக்கிறவர்கள் காதில் அது விழவேண்டும், இரண்டாவது ஆள் சத்தமாக வாசிக்கிறவராக இருக்கட்டும்.