ஐந்து வாரத்துக்கு ஒருமுறை காய்ச்சல், ஊசி போட்டால் சரியாகிறது, மறுபடியும் வருகிறது

கருப்பன் வீடு (பள்ளத்தூர்):
எங்கள் நாய் கருப்பனுக்கு நாலரை வயது. சிப்பிப்பாறை கலப்பு, 19 கிலோ இருந்தான், இப்போது 16. பழைய வளவு வீடு, அப்பத்தாவும் நானும்தான், அவன் எப்போதும் இரண்டாங்கட்டில், அதாவது உள்ளே இரண்டாவது முற்றத்துப் பக்கம், கிடப்பான். மாசியில் ஒருநாள் சோற்றைத் தொடாமல் ஆத்தங்குடிக் கல்லில் வயிற்றைப் பரப்பிப் படுத்துவிட்டான். காய்ச்சல் 104. டாக்டரிடம் கொண்டுபோனோம், இரண்டு ஊசி, ஐந்து நாள் மாத்திரை. மறுநாளே எழுந்து வாலாட்டினான். பங்குனிக் கடைசியில் அதே கதை, வைகாசியில் அதே கதை, இப்போது ஆனியில் நாலாவது தடவை. ஒவ்வொரு தடவையும் ஊசி, ஒவ்வொரு தடவையும் "வெயிலுக்கு வந்திருக்கும்". ஒரு தடவைகூட ரத்தம் எடுத்துப் பார்க்கவில்லை, எனக்கும் கேட்கத் தோன்றவில்லை.

நேற்று காலை முற்றத்தில் சொட்டுச் சொட்டாக ரத்தம், வலது மூக்கிலிருந்து. அடிபட்டிருக்குமோ என்று புரட்டிப் பார்த்தால் தொடை இடுக்கில் கடுகு கடுகாய்ச் சிவப்புப் புள்ளிகள். அப்பத்தா மிளகாய் சுற்றிப் போட்டுவிட்டு என்னையே பார்த்துக்கொண்டிருக்கிறார். நாளை திரும்ப டாக்டரிடம் போகிறேன். இந்தத் தடவை என்ன கேட்க வேண்டும்?

தேவகோட்டை ஆச்சி:
தம்பி, நாளை வரைக்கும் வைக்க வேண்டாம், இன்றே போ. மூக்கில் ரத்தமும் தோலில் சிவப்புப் புள்ளியும் சேர்ந்து வந்தால் ரத்தத்தட்டு, அதாவது ரத்தத்தை உறைய வைக்கிற தட்டணு, இறங்கியிருக்கிறதா என்றுதான் முதலில் பார்ப்பார்கள். எங்கள் பெட்டைக்கும் இதே மாதிரி ஏழு மாதம் இழுத்தது, கடைசியில் உண்ணிக் காய்ச்சல் என்று தெரிந்தது, எர்லிக்கியா என்பார்கள்.

ஊசி போட்டதும் ஏன் சரியாகிறது தெரியுமா? காய்ச்சலை இறக்குகிற ஊசி, சில நேரம் ஸ்டீராய்டும் இருக்கும், நாய் எழுந்து சாப்பிட்டதும் நாமும் நிம்மதியாகிவிடுகிறோம். கிருமி உள்ளேதான் இருக்கிறது. அதற்கு டாக்ஸிசைக்ளின் கொடுக்க வேண்டும், வழக்கமாக ஒரு நாளைக்குக் கிலோவுக்கு 10 மில்லிகிராம் கணக்கில் 28 நாள். ஐந்து நாளில் நிறுத்தினால் அது ஒளிந்துகொண்டு திரும்ப வரும். நான் முதல் தடவை பத்தாம் நாளில் நிறுத்தினேன், குழந்தை தேறிவிட்டாள் என்று. அந்தத் தப்பை நீ செய்யாதே. டாக்டரிடம் ஒன்றே ஒன்று சொல், ஊசி போடுவதற்கு முன்னால் ரத்தம் எடுங்கள் என்று. நாலு தடவை வந்த தேதி, காய்ச்சல் அளவு, எடை எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதிக் கொண்டுபோ, வாயால் சொன்னால் பாதி விட்டுப்போகும்.

புதுக்கோட்டைக்காரன்:
ஆச்சி சொன்னது சரி, நான் கொஞ்சம் சேர்க்கிறேன். முழு ரத்தப் பரிசோதனை கேளுங்கள், தட்டணு எண்ணிக்கையோடு. நாய்க்குச் சாதாரணமாக இரண்டு லட்சத்துக்கு மேல் இருக்கும். கருவி சில நேரம் தட்டணுக்கள் ஒன்றோடொன்று ஒட்டியிருந்தால் குறைவாகக் காட்டும், அதனால் கண்ணாடித் தட்டில் தடவி நுண்ணோக்கியிலும் பார்க்கச் சொல்லுங்கள். அதில் ஒன்றும் தெரியவில்லை என்றால் நோயே இல்லை என்று அர்த்தமில்லை, எர்லிக்கியா அப்படிப் பார்ப்பதில் பல தடவை அகப்படாது.

முக்கியமாக பெபிசியாவையும் பார்க்க வேண்டும். அதுவும் உண்ணியால் வருவதுதான், சில நாய்க்கு இரண்டும் சேர்ந்தே இருக்கும், அப்போது டாக்ஸிசைக்ளின் மட்டும் போதாது. சிறுநீர் காப்பி நிறத்தில் போகிறதா, ஈறு வெளுத்திருக்கிறதா என்று இப்போதே பாருங்கள். பல மாதம் இழுத்திருப்பதால் சிறுநீரகப் பரிசோதனையும் கேளுங்கள். பக்கத்தில் வசதி இல்லை என்றால் ஒரத்தநாடு கால்நடை மருத்துவக் கல்லூரிக்குக் கொண்டுபோகலாம், பள்ளத்தூரிலிருந்து காலையில் கிளம்பினால் போய்விட்டு வந்துவிடலாம். வீட்டில் இருக்கிற மனிதர் மாத்திரை எதையும் காய்ச்சலுக்குக் கொடுக்காதீர்கள், புரூஃபென் நாய்க்கு விஷம்.

கானாடுகாத்தான் மீனா:
எல்லாரும் நாயைப் பற்றியே பேசுகிறீர்கள், வீட்டை யாரும் சொல்லவில்லை. அண்ணே, நம் ஊர் வீடுகளில் உண்ணிக்கு ஒளிய இடம் எவ்வளவு! இந்தப் பழுப்பு உண்ணி நாய் மேலேயே குடியிருக்காது, ரத்தம் குடித்துவிட்டு இறங்கிவிடும். இறங்கி நிலைக்கதவு செதுக்கல் இடுக்கு, காரை பெயர்ந்த இடம், சாக்கு மடிப்பு என்று போய் ஒளியும். பெண் உண்ணி ஒன்றே ஆயிரக்கணக்கில் முட்டையிடும். நாங்கள் கைவிளக்கை நிலைக்கதவு ஓரமாகச் சாய்த்துப் பிடித்துப் பார்த்தோம், தேக்கு மரப் பூவேலைக்குள் மிளகு மாதிரி உப்பலாக ஒன்று, சுற்றிலும் எள்ளு போலக் குட்டிகள். மேலே சுவரிலும் ஏறியிருந்தன. நாய்க்கு மருந்து போட்டு ஊரையே சுத்தம் செய்தாலும் அந்த இடுக்கு இருக்கிற வரைக்கும் திரும்பத் தொற்றும்.

டாக்டரிடம் கேட்டு உண்ணி மாத்திரை வாங்குங்கள், மூன்று மாதம் தாங்குகிற வகை இருக்கிறது. மண்ணெண்ணெய் தடவாதீர்கள், கையால் நசுக்காதீர்கள், சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுங்கள். அவன் படுக்கும் சாக்கைக் கொளுத்திவிடுங்கள்.

கருப்பன் வீடு (பள்ளத்தூர்):
அன்றே போனோம். ரத்தத்தட்டு 41,000. எர்லிக்கியா பாசிட்டிவ், பெபிசியா இல்லை, சிறுநீரகம் நல்லபடியாக இருக்கிறது. ஆச்சி சொன்ன தாளைக் கொடுத்ததும் டாக்டர் வாசித்துவிட்டு அவரே 28 நாள் எழுதினார். முதல் இரண்டு நாள் வெறும் வயிற்றில் கொடுத்துவிட்டேன், வாந்தி எடுத்தான், இப்போது சோறு பாதி தின்றதும் கொடுக்கிறேன். பாலும் தயிரும் மாத்திரை நேரத்தில் வேண்டாம் என்றார், தயிர்ச் சோறு கேட்டு அடுப்படி வாசலில் வந்து நிற்கிறான், பார்க்கவே மனது வலிக்கிறது.

இன்று 19-ஆம் நாள். ரத்தத்தட்டு 1,60,000, எடை 17. மீனா சொன்ன மாதிரி கைவிளக்கோடு தினமும் இரவு பார்க்கிறேன், நேற்று இரண்டாங்கட்டு நிலையில் இரண்டு அகப்பட்டன. இன்னும் ஒன்பது மாத்திரை இருக்கிறது, ஒவ்வொன்றாக அப்பத்தா எண்ணி டப்பாவில் போட்டு வைத்திருக்கிறார்.