விருதுநகர் பழைய வரைபடம் கிழக்கே தள்ளி விழுகிறது, உதவுங்கள்

கேள்வி:
வணக்கம். விருதுபட்டியின் (விருதுநகரின் பழைய பெயர்) கடைவீதி 1876-இல் ரயில் வந்த பிறகு எந்தப் பக்கம் நீண்டது என்று முதுகலை ஆய்வுக்காக அளக்கிறேன். 19-ஆம் நூற்றாண்டுக் கடைசியில் அச்சான, மைலுக்கு ஓர் அங்குல சர்வே தாள் ஒன்றை ஸ்கேன் செய்தேன். நான்கு மூலைகளிலும் உள்ள அட்சரேகை, தீர்க்கரேகையைக் கொடுத்து கியூஜிஐஎஸ் என்ற வரைபட மென்பொருளில் பொருத்தினேன். பிழை கிட்டத்தட்ட பூஜ்யம் என்கிறது. ஆனால் செயற்கைக்கோள் படத்தின் மேல் வைத்தால் ஊரே நான்கரை கிலோமீட்டர் கிழக்கே நிற்கிறது! பழைய இந்திய வரைபடங்களுக்கு அடிப்படையான புவி வடிவக் கணக்கு, எவரெஸ்ட் 1830, கொடுத்தும் சரியாகவில்லை. மூன்று நாளாக இதிலேயே நிற்கிறேன்.

பதில் 1:
எவரெஸ்டால் நம் பக்கம் வருவது நூறு, இருநூறு மீட்டர் நகர்வுதான். வடக்கு தெற்கில் சரியாக உட்காருகிறதா?

கேட்டவர்:
ஆமாம், அதில் பெரிய வித்தியாசம் இல்லை.

பதில் 2:
அப்படியானால் காரணம் சென்னை வானாய்வகம். அந்தக் காலத்துத் தாள்களின் தீர்க்கரேகை அதை வைத்துக் கணக்கிட்டது. வானாய்வகத்துக்கு அப்போது வைத்திருந்த மதிப்பு ஏறக்குறைய இரண்டரை கோண நிமிடம் (ஒரு பாகைக்கு 60 நிமிடம்) அதிகம். விருதுநகர் அட்சரேகையில் அது நான்கரை கிலோமீட்டர். பல தாள்களின் ஓரத்தில் பொடி எழுத்தில் இதற்குக் குறிப்பு இருக்கும், பாருங்கள்.

பூஜ்யப் பிழையை நம்ப வேண்டாம். காகிதம் கோணவில்லை என்பதைத்தான் அது சொல்கிறது, ஊர் சரியான இடத்தில் இருக்கிறது என்பதை அல்ல. மூலைகளை விட்டுவிட்டு, தெப்பக்குளம், கண்மாய்க்கரை, ரயில் பாதையைச் சாலை கடக்கும் இடம் என்று இன்றும் மாறாமல் இருப்பவற்றைப் பிடியுங்கள். ஊருக்குள் மட்டும் குவிக்காமல் தாள் முழுக்கப் பரப்பி வையுங்கள்.

பதில் 3:
தூரம் அளக்கும் முன் யூடிஎம் (பூமியை மண்டலங்களாகப் பிரித்து மீட்டரில் அளக்கும் முறை) மண்டலம் 43-க்கு மாற்றிக்கொள்ளுங்கள். மதுரை 44-இல் விழும், விருதுநகர் விழாது. இரண்டு மண்டலத்துக்கும் எல்லையான 78 பாகைத் தீர்க்கரேகை ஊருக்குக் கிழக்கே போகிறது.

அப்புறம், ரயில் நிலையத்தை மட்டும் மையமாக வைத்து வளையம் போடாதீர்கள். நாடார் வணிகர்கள் மகமை (வணிகர்கள் பொதுச் செலவுக்குத் தங்களுக்குள் திரட்டும் பணம்) நிதியில் நடத்திய பேட்டை, வண்டியும் சரக்கும் பத்திரமாகத் தங்கிய இடம், ரயிலுக்கு முந்தியது. பேட்டையிலிருந்து ஒரு தூரம், நிலையத்திலிருந்து ஒரு தூரம் என்று தனித்தனியே எடுத்தால்தான் கடைவீதியை எது இழுத்தது என்று தெரியும்.

கேட்டவர்:
குறிப்பு இருந்தது! ஸ்கேனில் ஓரத்தை வெட்டியது நான்தான். ஒன்பது புள்ளிகளில் பொருத்தினேன். சராசரிப் பிழை 40 மீட்டர். மிக்க நன்றி. கடை கடையாக அளக்க இது போதுமா?

பதில் 2:
போதாது. இந்தத் தாளில் ஒரு மில்லிமீட்டர் என்பது தரையில் 63 மீட்டர். ஊர் எந்தத் திசையில் நீண்டது என்று பார்க்கலாம். கடைகளுக்கு நகர அளவை வரைபடமோ புலப்படமோ (ஒவ்வொரு சர்வே எண் நிலத்தின் அளவுகளைக் காட்டும் படம்) தேடுங்கள்.