டிஸ்க் டிஜெனரேஷன்: தேய்மானமா, சிதைவா, நலிவா?

நண்பர்களே,

முதுகெலும்புகளுக்கு இடையே மெத்தைபோல இருக்கும் வட்டு (டிஸ்க்) நலம் குன்றுவதை ‘டிஸ்க் டிஜெனரேஷன்’ என்கிறார்கள். அதற்குத் தமிழில் என்ன சொல்லலாம் என்று கேட்ட இந்த இழையில் இதுவரை வந்த ‘வட்டுத் தேய்மானம்’, ‘வட்டுச் சிதைவு’ இரண்டிலும் எனக்கு மனம் ஒட்டவில்லை.

தேய்மானம் எல்லோருக்கும் புரியும், மறுக்கவில்லை. “ஜவ்வு தேய்ஞ்சுபோச்சு” என்றுதான் வலியோடு வருபவரும் சொல்கிறார், பார்க்கிற மருத்துவரும் சொல்கிறார். ஆனால் செருப்பு மாதிரி உரசித் தேய்கிற சமாசாரம் இல்லையே இது. வட்டின் நடுவிலுள்ள கூழ்க்கருவில் புரோட்டியோகிளைக்கான் குறைகிறது. தண்ணீரைப் பிடித்து வைத்திருப்பதே அதுதான் என்பதால் நீரும் குறைகிறது. உயரம் குறைவது பெரும்பாலும் அப்புறம்தான். அளவறி எம்ஆர்ஐ (எண்ணாக அளந்து சொல்லும் குவான்டிடேட்டிவ் எம்ஆர்ஐ) பிடிக்கப் பார்ப்பதே அந்த முந்தைய கட்டத்தை. உயரம் குறையாத வட்டை எப்படித் ‘தேய்ந்தது’ என்று எழுதுவது?

சிதைவுக்கும் இதே சிக்கல். எம்ஆர்ஐ படத்தில் வட்டின் நிலையைத் தரம் பிரிக்க ஃபிர்மானும் உடன் ஆய்வாளர்களும் 2001இல் வகுத்த ஐந்து படிகளில் இரண்டாவதைப் பாருங்கள்: உயரம் அப்படியே இருக்கிறது, கருவுக்கும் அதைச் சுற்றியுள்ள நார்வளையத்துக்கும் இடையே எல்லை தெளிவு, படத்தில் கருவின் வெண்மை மட்டும் ஒரே சீராக இல்லை. இதில் எது சிதைந்தது? போதாக்குறைக்கு, கதிரியல் கட்டுரையில் ‘சிதைவு’ என்று கண்டாலே கதிரியக்கச் சிதைவு நினைவுக்கு வந்து தொலைக்கிறது.

என் பரிந்துரை ‘நலிவு’. உரு மாறாமலே வளம் குன்றுவதை அது சொல்லும். வட்டு நலிவு, நலிந்த வட்டு, தொடக்க நலிவு, நலிவுப் படி என்று எப்படித் திருப்பினாலும் வளைந்து கொடுக்கிறது.

‘குவான்டிடேட்டிவ்’ என்பதற்கு ‘அளவுசார்’ என்று ஒருவர் எழுதியிருந்தார். வேதியியல் பாடநூல்களில் பண்பறி பகுப்பாய்வு, அளவறி பகுப்பாய்வு என்ற இணை ஏற்கெனவே இருக்கிறதே, அதையே எடுத்துக்கொள்ளலாம். ஃபிர்மான் படி கண்ணால் பார்த்துச் சொல்வது. அளவறி முறைகளில் ஒன்றான டி2 மேப்பிங்கில் வெவ்வேறு எதிரொலி நேரங்களில் (எக்கோ டைம்) படம் எடுத்து, குறிகை (சிக்னல்) மங்கும் வேகத்தை வைத்து ஒவ்வொரு படப்புள்ளிக்கும் மில்லிநொடியில் ஓர் எண் கணக்கிடுகிறார்கள். கருவில் நீர் வற்ற வற்ற அந்த எண் இறங்கும். இதற்கு ‘டி2 வரைபடம்’ வேண்டாம். ஊர் வழி தேடுவதுபோல இருக்கிறது. ‘டி2 நேரப்படம்’ போதும்.

மிச்சம் இருப்பது குறிகை இப்படி மங்குவதைச் சொல்லும் ‘ரிலாக்சேஷன்’. ‘தளர்வு நேரம்’ புழக்கத்தில் உள்ளதுதான். ஆனால் முதுகைப் பற்றிய கட்டுரையில் அதைப் போட்டால் தசை தளர்வது என்றே படிப்பார்கள். ‘தணிவு நேரம்’ சரிவருமா? டி1ரோ என்ற இன்னோர் அளவறி முறைக்கும் இதே சொல்தான் வேண்டியிருக்கும். இயற்பியல்காரர்கள் சொல்லுங்கள்.