துப்பாக்கி வழக்கில் 4 லெவல் ஏற்றிய தண்டனை: அப்பீலில் நிற்குமா?

கேள்வி:

அமெரிக்க ஃபெடரல் வழக்கு. ஏற்கெனவே ஃபெலனி (ஓராண்டுக்கு மேல் சிறைத் தண்டனைக்குரிய குற்றம்) தண்டனை பெற்றவர், துப்பாக்கி வைத்திருந்ததாக 922(ஜி)(1) பிரிவில் குற்றத்தை ஒப்புக்கொண்டார். ஓட்டுநர் இருக்கைக்கு அடியில் ஒரு பிஸ்டல், நடுப்பெட்டியில் ஒரு கிராமுக்கும் குறைவான மெத் (மெத்தாம்ஃபெட்டமின் என்ற போதைப்பொருள்). தராசு, பொட்டலம், ரொக்கம் எதுவும் கிடைக்கவில்லை. விற்பனைக் குற்றச்சாட்டும் இல்லை. ஆனாலும் 'வேறொரு ஃபெலனியோடு தொடர்புள்ள துப்பாக்கி' என்று கைடுலைனில் (தண்டனையைக் கணக்கிடும் ஃபெடரல் வழிகாட்டு விதிகள்) குற்றத்தின் லெவலை 4 ஏற்றிவிட்டார்கள். "போதைப்பொருளுக்குப் பக்கத்தில் இருந்தது, அது போதும்" என்பதுதான் நீதிபதி சொன்ன காரணம். தண்டனை 30 மாதம். தீர்ப்பு பதிவாகி 9 நாள் ஆகிறது. குற்றத்தை ஒப்புக்கொண்டபோது அரசுத் தரப்போடு போட்ட ஒப்பந்தத்தில் அப்பீல் உரிமையை விட்டுக்கொடுக்கும் பத்தி இருக்கிறது என்கிறார் வக்கீல். இனி என்ன வழி?

பதில் 1:

முதலில் நாள் கணக்கு. தீர்ப்பு டாக்கெட்டில் (நீதிமன்ற வழக்குப் பதிவேடு) பதிவான நாளிலிருந்து 14 நாள். உங்களுக்கு இன்னும் 5 நாள்தான். அப்பீல் நோட்டீஸ் ஒரே பக்கம் போதும்: யார், எந்தத் தீர்ப்பை எதிர்த்து, எந்த நீதிமன்றத்துக்கு. காரணம் எழுத வேண்டாம். தண்டனை கொடுத்த டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டில்தான் தாக்கல் செய்ய வேண்டும். கெடு தவறினால், தகுந்த காரணம் காட்டி மேலும் 30 நாள் வரை கேட்கலாம், ஆனால் அதை நம்பி உட்காராதீர்கள். சிறையில் இருப்பவர் கெடுவுக்குள் சிறைத் தபாலில் சேர்த்து, சேர்த்த தேதியை உறுதிமொழியாக இணைத்தால் போதும்.

உரிமையை விட்டுக்கொடுத்த பத்தி இருந்தாலும், கட்சிக்காரர் அப்பீல் போடச் சொன்னால் வக்கீல் நோட்டீஸ் தாக்கல் செய்தே ஆக வேண்டும். 2019-ல் கார்சா எதிர் ஐடஹோ வழக்கில் உச்ச நீதிமன்றம் சொன்னது இது. இன்றே எழுத்தில் கேளுங்கள்.

அந்தப் பத்தியை வரிக்கு வரி படியுங்கள். 'கைடுலைன் வரம்புக்கு மேல் போனால் அப்பீல் செய்யலாம்', 'நீதிமன்றம் கணக்கிடும் வரம்பை எதிர்க்கலாம்' என்று சில ஒப்பந்தங்களில் விலக்கு இருக்கும். விலக்கே இல்லையென்றால் அரசுத் தரப்பு தள்ளுபடி மனு போடும். ஒப்பந்தத்தை மீறியதாகவும் வாதிடலாம். ஆகவே நோட்டீஸ் முதலில், பிரீஃப் (எழுத்து மூலமான வாதம்) எழுதுவதா என்ற முடிவு பிறகு.

பதில் 2:

உங்கள் வாதத்தின் உயிர் இங்கே இருக்கிறது. கைடுலைனில் துப்பாக்கிக் குற்றங்களுக்கான 2கே2.1 விதியின் விளக்கக் குறிப்பு இரண்டு வகையைப் பிரிக்கிறது. போதைப்பொருள் விற்பனை என்றால், சரக்குக்குப் பக்கத்தில் துப்பாக்கி கிடைத்தாலே போதும். மற்ற ஃபெலனிகளில், அந்தக் குற்றத்துக்குத் துப்பாக்கி உதவியது அல்லது உதவக்கூடியதாக இருந்தது என்று நீதிபதி தனியாக ஒரு முடிவுக்கு வர வேண்டும். சொந்த உபயோகத்துக்கான அளவு இரண்டாவது வகை. விற்பனைக்கான அளவுகோலை இதற்கு வைத்து அளந்தது சட்டப்பிழை. சட்டத்தை எப்படிப் புரிந்துகொண்டார் என்ற கேள்வியை மேல்நீதிமன்றம் புதிதாகவே பார்க்கும்; உண்மைகள் பற்றிய முடிவில் மட்டும் அப்பட்டமான பிழை வேண்டும். அதனால் "அவர் விற்கவில்லை" என்று ஆரம்பிக்காமல் "தவறான சோதனையைப் பயன்படுத்தினார்" என்று ஆரம்பியுங்கள்.

ஒன்றைத் தனியாகச் சரிபாருங்கள்: மாநிலச் சட்டத்திலோ ஃபெடரல் சட்டத்திலோ அவர் அந்த அளவு மெத் வைத்திருப்பது ஓராண்டுக்கு மேல் தண்டனைக்குரியதா? இல்லையென்றால் 'வேறொரு ஃபெலனி' என்பதே கிடையாது. வழக்குப் போட்டிருக்க வேண்டியதில்லை, ஆனால் குற்றம் அந்தத் தரத்தில் இருந்தே தீர வேண்டும்.

பிஎஸ்ஆர் அறிக்கைக்கு (தண்டனைக்கு முன் புரொபேஷன் அதிகாரி தயாரிப்பது) வக்கீல் எழுத்தில் ஆட்சேபம் தெரிவித்தாரா, விசாரணையில் அதை வாபஸ் வாங்கினாரா? ஆட்சேபிக்க மறந்திருந்தால் 'வெளிப்படையான பிழை' என்ற கடினமான வழியாவது மிஞ்சும். "ஆட்சேபம் இல்லை, திரும்பப் பெறுகிறோம்" என்று சொல்லியிருந்தால் பெரும்பாலும் அதுவும் அடைபடும்.

கேட்டவர்:

எழுத்தில் ஆட்சேபம் இருக்கிறது, வாபஸ் வாங்கவில்லை. அடிப்படை லெவல் 14, குற்ற வரலாறு (முந்தைய தண்டனைகளை வைத்துத் தருவது) வகை 3. "எப்படிக் கணக்கிட்டாலும் இதே 30 மாதம்தான் கொடுத்திருப்பேன்" என்றும் நீதிபதி சொன்னார்.

பதில் 3:

அந்த ஒரு வாக்கியம்தான் அரசுத் தரப்பின் முழு ஆயுதம். 'பாதிப்பில்லாத பிழை' என்பார்கள். கணக்கைப் போட்டுக் காட்டுங்கள். 14-உடன் 4 சேர்ந்து 18. குற்றத்தை ஏற்றதற்கு 3 கழித்து 15. வகை 3-இல் 24 முதல் 30 மாதம். அந்த 4 இல்லாவிட்டால் 14-இல் 2 மட்டுமே கழியும், ஏனெனில் கழிப்பதற்கு முன் லெவல் 16-க்குக் குறைந்தால் மூன்றாவது புள்ளி கிடைக்காது. ஆக 12; வகை 3-இல் 15 முதல் 21 மாதம். 30 மாதம் என்பது சரியான வரம்பின் உச்சியைவிட 9 மாதம் கூடுதல். அந்த 9 மாதத்துக்கு நீதிபதி காரணம் ஏதும் சொல்லவில்லையென்றால், வெறும் "எப்படியும்" போதுமா என்று அழுத்தமாகக் கேட்கலாம். சர்க்யூட்டுக்குச் சர்க்யூட் (ஃபெடரல் மேல்முறையீட்டு நீதிமன்ற வட்டாரம்) கறார் மாறும். உங்கள் சர்க்யூட்டின் தீர்ப்புகளைத் தேடுங்கள்.

அதற்கு டிரான்ஸ்கிரிப்ட் (விசாரணையில் பேசியதன் எழுத்துப் பதிவு) வேண்டும். நோட்டீஸ் போட்ட 14 நாளுக்குள் ஆர்டர் செய்யுங்கள். பிஎஸ்ஆர் சீலிடப்பட்ட ஆவணம். ரெக்கார்டில் சேர்ந்ததா என்று பாருங்கள், அது இல்லாமல் பிரீஃப் எடுபடாது.

பதில் 1:

காலமும் எதிரி. ரெக்கார்டு தாக்கலான பிறகு உங்கள் பிரீஃபுக்கு 40 நாள், அரசுக்கு 30, பதிலுக்கு 21. அதன் பிறகும் தீர்ப்புக்குக் காத்திருக்க வேண்டும். அதற்குள் தண்டனையில் பெரும்பகுதி கழிந்துவிடும். அதனால் விரைவு விசாரணை மனு போடுங்கள். 3143(பி) பிரிவில் ஜாமீனும் கேட்கலாம்: தப்பியோட மாட்டார், ஆபத்தில்லை என்பதோடு, அப்பீல் ஜெயித்தால் தண்டனை, ஏற்கெனவே கழித்த நாளும் அப்பீல் நடக்கும் காலமும் சேர்ந்ததைவிடக் குறையும் என்றும் காட்ட வேண்டும். 15 முதல் 21 மாத வரம்பை அங்கேயும் முன்வையுங்கள். மனு முதலில் டிஸ்ட்ரிக்ட் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும்.